பூவை யார் உண்ணப் போகிறார்கள்?

ஆண்டுதோறும் பெப்ரவரி மாதம் 14ஆம் திகதி நெருங்கும் வேளையில், அமெரிக்காவின் மயாமி விமான நிலையத்தில் சரக்கு விமானங்கள் இரவு பகலாக வந்திறங்குகின்றன. கொலம்பியாவிலும் ஈக்குவடோரிலும் வெட்டப்பட்ட ரோஜாக்களும் கார்னேஷன்களும் குளிரூட்டிய பெட்டிகளில் அடுக்கப்பட்டு அவற்றில் வருகின்றன. அமெரிக்கா இறக்குமதி செய்யும் வெட்டுப் பூக்களில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு இந்த ஒரே விமான நிலையத்தின் ஊடாகத்தான் நாட்டுக்குள் நுழைகிறது. அங்கே நிற்கும் விவசாயப் பரிசோதகர்கள் சில கொத்துக்களை உருவி எடுத்து, வெள்ளைத் தாள் விரித்த மேசையின் மீது உதறிப் பார்ப்பார்கள். அந்நிய நாட்டுப் புழுவோ செடிப்பேனோ அந்தத் தாளில் விழுந்துவிட்டால் பொதி தடுக்கப்படும். புகையூட்டப்படலாம், திருப்பி அனுப்பப்படலாம், அழிக்கவும் படலாம்.

அந்த மேசையில் தேடப்படுவது பூச்சி மட்டுமே. பூச்சியைக் கொன்ற நஞ்சை அங்கே எவரும் தேடுவதில்லை.

தக்காளிக்கும் திராட்சைக்கும் தேயிலைக்கும் எவ்வளவு நஞ்சு எஞ்சியிருக்கலாம் என்பதற்கு அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் எல்லைகள் வகுத்திருக்கின்றன. எமது நாட்டுத் தேயிலை ஏற்றுமதியாளர்கள் இந்த எல்லைகளைக் கண்டு அஞ்சுவது வாசகர்கள் அறிந்ததே. ஆனால் வெட்டுப் பூவுக்கு அத்தகைய எல்லை எதுவும் இல்லை. பூ உணவன்று என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். உண்ணாத பொருளில் நஞ்சு இருந்தால் எவருக்கு என்ன நட்டம் என்று சட்டம் எண்ணுகிறது.

இந்த இரண்டு விதிகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பூச்சி ஒன்றுகூட இருக்கக்கூடாது என்பது ஒரு விதி. நஞ்சு எவ்வளவும் இருக்கலாம் என்பது மற்றைய விதி. இந்த இரண்டுக்கும் இடையில் நிற்கும் ஒரு பூத்தோட்டக்காரர் என்ன செய்வார்? அடிப்பார். திங்களன்று பூஞ்சணத்துக்கு அடிப்பார், புதனன்று சிலந்திப்பேனுக்கு அடிப்பார், ஏற்றுமதிக்கு முன்னர் எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு முறை அடிப்பார். அவரைக் கொடியவர் என்று திட்டுவதில் பயனில்லை. இதழில் ஒரு புள்ளி இருந்தாலும் வாங்க மறுக்கும் சந்தைக்கு அவர் பூ வளர்க்கிறார்.

பூத்தோட்டம் என்றவுடன் எமக்குத் தோன்றும் காட்சி வேறு. இது திறந்த வெளித் தோட்டமன்று. பல ஏக்கர் பரப்பில் பொலித்தீன் போர்த்திய கூடாரங்கள். உள்ளே காற்றோட்டம் குறைவு, வெப்பமும் ஈரப்பதனும் அதிகம். வெப்பத்தில், வியர்வையில் ஊறிய ஆடையின் ஊடாக இரசாயனம் எளிதில் உட்புகுகிறது. மருந்து அடிப்பவர் பெரும்பாலும் ஆண். அவருக்கு முகமூடியும் மேலங்கியும் கொடுக்கப்படலாம். ஆனால் அவர் அடித்துவிட்டுச் சென்ற பின்னர், ஈரம் காய்ந்தும் காயாத செடிகளுக்கிடையே நுழைந்து, மொட்டு ஒடித்து, இலை கிள்ளி, தண்டு வெட்டி, கொத்துக் கட்டும் வேலையைச் செய்பவர்கள் பெண்கள். ஒரு நாளில் ஆயிரக்கணக்கான தண்டுகள் அவர்களுடைய கைகளுக்குள்ளால் போய் வருகின்றன. சுவாசத்தைக் காட்டிலும் தோலே அங்கு நஞ்சு நுழையும் பெருவாசல்.

மேலே நான் "மருந்து" என்று எழுதினேன். தமிழில் வேறு எப்படி எழுதுவது? பீடைகொல்லி என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோம், வயலிலும் தோட்டத்திலும் அது மருந்துதான். "மருந்து அடித்தாயிற்றா?" என்று கேட்கிறோம். ஒருவர் நஞ்சருந்தி இறந்தால் "மருந்து குடித்துவிட்டான்" என்கிறோம். கொல்லும் பொருளுக்கும் குணப்படுத்தும் பொருளுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் சமூகத்தில், கையுறை அணியுங்கள் என்று ஒரு தொழிலாளிக்குப் புரியவைப்பது எத்தனை கடினம் என்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் வேறொரு செய்திக்காக நுவரெலியாப் பக்கம் சென்றிருந்தபோது, வெட்டுப் பூ வளர்க்கும் ஒரு கூடாரத்தைப் பார்க்க வாய்த்தது. உள்ளே லயத்திலிருந்து வந்து வேலை செய்யும் பெண்கள் ஏழெட்டுப் பேர் இருந்தனர். வாசலில் நின்ற என்னிடம் அவர்களில் ஒருவர், "காலையிலதான் மருந்து அடிச்சாங்க ஐயா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார். வந்தவன் தள்ளி நிற்கவேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சொல்லிவிட்டு அவர் வெறுங்கையுடன் மீண்டும் பாத்திகளுக்கிடையே குனிந்தார். கூடாரத்துக்குப் பொறுப்பானவரிடம் எத்தனை மணித்தியாலம் கழித்து உள்ளே செல்லலாம் என்று ஏதேனும் விதி உண்டா என்று கேட்டேன். பூவை யார் உண்ணப் போகிறார்கள் என்று அவர் சிரித்தார். மயாமி மேசையின் பின்னால் இருக்கும் அதே தர்க்கம்தான். அவர் அதை எங்கும் படித்திருக்க வாய்ப்பில்லை.

இலங்கை இந்த விடயத்தில் முற்றிலும் கண்மூடியிருந்த நாடன்று. பீடைகொல்லிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் இங்கு 1980ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. 1995இல் மிகக் கொடிய வகை நஞ்சுகளும், 1998இல் எண்டோசல்பானும், 2008க்கும் 2011க்கும் இடையில் பராகுவாட், டைமெதோயேட், பென்தியோன் ஆகியவையும் படிப்படியாக நிறுத்தப்பட்டன. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாக இருந்த எமது தற்கொலை வீதம் அதன்பின் சுமார் 70 சதவீதம் வீழ்ந்தது. பிற நாடுகள் பாடமாகக் கொள்ளும் சாதனை இது. ஆயினும் அந்தத் தடைகளுக்குத் தூண்டுதலாக இருந்தவை வைத்தியசாலைகளில் குவிந்த பிணங்கள். பிணமாக்காத நஞ்சுக்கு யார் கணக்கு வைப்பது? குடித்த அன்றே கொல்லாமல், தொட்ட கையின் வழியே ஆண்டுக்கணக்காக உட்சென்று கலங்களுக்குள் வேலை செய்யும் நஞ்சு எந்த வைத்தியசாலைப் பதிவேட்டில் வரும்?

கலங்களுக்குள் என்ன நடக்கிறது என்பதை அறிய ஒரு வழி உண்டு. எமது உடலின் கலம் ஒன்று இரண்டாகப் பிரியும்போது, அதன் நிறமூர்த்தங்கள் சரிசமமாகப் பங்கிடப்பட்டு இரு புதிய கருக்களுக்குள் அடங்கவேண்டும். நிறமூர்த்தம் ஒன்று உடைந்துவிட்டாலோ, பங்கீட்டில் பின்தங்கிவிட்டாலோ, அந்தத் துண்டு பெரிய கருவில் சேராமல் தனியே ஒரு சிறு உருண்டையாக நின்றுவிடும். இதனை நுண்கரு என்பர். ஒருவருடைய இரத்தத்திலோ கன்னத்தின் உட்புறத்திலோ இருந்து கலங்களை எடுத்து, ஆயிரம் கலங்களில் எத்தனையில் இந்த நுண்கரு இருக்கிறது என்று எண்ணிவிடலாம். எல்லோருக்கும் சில இருக்கும். வயது ஏற ஏறக் கூடும், புகைப்பவருக்கும் கூடும். அளவுக்கு மிஞ்சிக் கூடினால், பரம்பரையலகுகளை எதுவோ தாக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

இத்தாலியின் லிகூரியாக் கடற்கரை பூ வளர்ப்புக்குப் பெயர் பெற்றது. அங்குள்ள பூ வளர்ப்பாளர்களின் இரத்தத்தை ஆராய்ந்து 1993இல் வெளியிடப்பட்ட ஆய்வு, அவர்களிடம் நுண்கருக்கள் கூடுதலாக இருப்பதையும், எத்தனை ஆண்டுகள் தொழிலில் இருந்தார்களோ அதற்கேற்ப அவை கூடிச் செல்வதையும், திறந்த வெளியில் வேலை செய்தவர்களைவிடக் கூடாரத்துக்குள் வேலை செய்தவர்களிடம் மிகுந்திருப்பதையும் காட்டியது. மெக்சிக்கோவின் மொரேலோஸ் மாநிலப் பூத்தோட்டத் தொழிலாளர்களிடம் செய்யப்பட்டு 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வும் ஏறத்தாழ அதையே சொன்னது. அதே ஆண்டில் வெளிவந்த டென்மார்க் ஆய்வு ஒன்று இன்னும் நுட்பமானது. புகைக்கும் பழக்கமில்லாத தொழிலாளர்களை மட்டும் தெரிந்து, மருந்து அடிக்கும் பருவம் தொடங்குவதற்கு முன் ஒரு முறையும் முடிந்த பின் ஒரு முறையும் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பருவம் முடிந்தபோது நிறமூர்த்தச் சிதைவுகள் கூடியிருந்தன. கையுறை அணியாதவர்களிடம் அது தெளிவாகத் தெரிந்தது.

எல்லா ஆய்வுகளும் இப்படியே முடிந்தன என்று எழுதினால் அது நேர்மையாகாது. பூத்தோட்டத் தொழிலாளர்களிடம் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் காணாத ஆய்வுகளும் உண்டு. பயன்படும் இரசாயனங்கள் தோட்டத்துக்குத் தோட்டம் மாறுகின்றன, பாதுகாப்பு முறைகளும் மாறுகின்றன. ஆய்வுக்கு உட்பட்டோர் தொகையும் பல வேளைகளில் சிறியது. மேலும், நுண்கரு என்பது நோயன்று. அது கூடியிருப்பவருக்கெல்லாம் புற்றுநோய் வரும் என்று எவரும் சொல்லவில்லை. பெருந்தொகையானோரைப் பல்லாண்டுகள் பின்தொடரும்போது, அது கூடியிருந்த கூட்டத்தில் புற்றுநோய் சற்று அதிகமாக வருவதாகத் தெரிகிறது. அவ்வளவே. ஆனாலும் அதன் பெறுமதி அங்கேதான் இருக்கிறது. நோய் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே அடிக்கும் மணி அது. மணி அடித்ததும் எழுந்து பார்க்காமல், வீடு எரியும்வரை சான்று கேட்டுக் கொண்டிருப்பது எந்த ஊர் நியாயம்?

தாக்கம் தொழிலாளியுடன் நின்றுவிடுகிறதா, பிள்ளைகளுக்கும் கடக்கிறதா என்பதே எல்லோரையும் அச்சுறுத்தும் கேள்வி. இதற்கு முதன்முதலில் பெரிய அளவில் விடை தேடியவர்கள் கொலம்பியர்கள். பொகொட்டாச் சமவெளியைச் சூழ்ந்த 58 பூ நிறுவனங்களில் 8,867 தொழிலாளர்களிடம் தகவல் திரட்டி, 1990இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்களில் பெண்கள் 5,916 பேர். அவர்கள் 127 வகைப் பீடைகொல்லிகளுக்கு ஆட்பட்டிருந்தார்கள் என்று அந்த ஆய்வு பதிவு செய்தது. எண்ணிப் பாருங்கள், 127 வகை! கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கும் ஒரு வைரசுக்கும் உள்ள தொடர்பை நிறுவுவதில் பின்னர் பெரும் பங்காற்றிய கொலம்பிய விஞ்ஞானி நூபியா முனோஸ் இதனைச் செய்தவர்களில் ஒருவர். பூத்தோட்டத்தில் வேலைக்குச் சேர்வதற்கு முன் ஏற்பட்ட கர்ப்பங்களையும் சேர்ந்த பின் ஏற்பட்ட கர்ப்பங்களையும் ஒப்பிட்டபோது, சேர்ந்த பின்னர் கருச்சிதைவும் குறைமாதப் பிறப்பும் பிறவிக் குறைபாடும் மிதமாகக் கூடியிருந்தன. பெண் தொழிலாளர்களிடம் மட்டுமன்றி, ஆண் தொழிலாளர்களின் மனைவியரிடமும் இந்த உயர்வு காணப்பட்டது.

இதே குழுவினர் பிறவிக் குறைபாடுகளைத் தனியே எடுத்து, பிள்ளைகளை நேரில் பரிசோதித்தும் ஆராய்ந்தார்கள். அப்போது தெளிவான தொடர்பு தெரிந்தது பிறவித் தோல் மச்சங்களுடன், குறிப்பாக இரத்தநாளங்கள் திரண்டு சிவந்து தோன்றும் வகையுடன் மட்டுமே. தொழிலாளர் வாய்மொழியாகச் சொன்னதை வைத்து வந்த முடிவு, வைத்தியப் பரிசோதனையில் சுருங்கிவிட்டது. பூ ஏற்றுமதியாளர்களுக்கு இது நல்ல செய்தி, தொழிலாளர்களுக்கும் நல்ல செய்திதான். இவ்வாறு தமது முடிவைத் தாமே உரசிப் பார்த்த விஞ்ஞானிகளின் சொல்லுக்கு எனது கணக்கில் மதிப்புக் கூடுகிறது. அவர்கள் எங்கே எச்சரிக்கிறார்களோ அங்கே நாமும் நிற்கவேண்டும்.

டென்மார்க்கின் பியூன் தீவில் 1996இலிருந்து சில ஆண்டுகள், கண்ணாடிக் கூடாரங்களில் பூவும் காய்கறியும் வளர்க்கும் கர்ப்பிணிகளைச் சேர்த்து ஓர் ஆய்வு தொடங்கப்பட்டது. டென்மார்க் தொழிலாளர் பாதுகாப்பில் உலகின் முன்வரிசையில் நிற்கும் நாடு. அங்கே ஒரு பெண் கர்ப்பமுற்றது தெரிந்தவுடன் அவரை நஞ்சு புழங்கும் வேலையிலிருந்து மாற்றிவிடுவார்கள், அல்லது சம்பளத்துடன் விடுப்புக் கொடுப்பார்கள். ஆகவே அந்தத் தாய்மார் நஞ்சுக்கு ஆட்பட்டது பெரும்பாலும் கர்ப்பத்தின் முதற் சில வாரங்கள் மட்டுமே. பிள்ளைகள் பிறந்து மூன்று மாதமானபோது ஆண் குழந்தைகளைப் பரிசோதித்தார்கள். விதை இறங்காதிருக்கும் குறைபாடு 6.2 சதவீதத்தினரிடம் காணப்பட்டது. தலைநகரான கோப்பன்ஹேகனில் பொதுவாக அது 1.9 சதவீதம். 2008இல் வெளிவந்த முடிவு இது.

கர்ப்பிணிகளைப் பாதுகாப்போம் என்று எல்லாச் சான்றிதழ்களும் எல்லா நிறுவனக் கையேடுகளும் சொல்கின்றன. கர்ப்பம் என்று தெரிவதற்கு முன்னரே கருவின் உறுப்புகள் வகுபடத் தொடங்கிவிடுகின்றன. தெரிந்த பின் இடம் மாற்றுவது, மழை பெய்து முடிந்த பின் கூரை வேய்வது போன்றது. ஆகவே கர்ப்பிணியைப் பாதுகாக்க விரும்பும் ஒரு பூத்தோட்டம், அங்கு வேலை செய்யும் எல்லோரையும் எந்நாளும் பாதுகாத்தே ஆகவேண்டும். வேறு வழியில்லை.

அதே பிள்ளைகள் ஆறு முதல் பதினொரு வயதானபோது இன்னொரு விடயம் வெளிப்பட்டது. எமது உடலில் பரொக்சொனேஸ் என்றொரு நொதியம் உண்டு. சிலவகை ஒகனோபொஸ்பேற்று நஞ்சுகளைச் சிதைப்பது அதன் வேலைகளில் ஒன்று. அதனை ஆக்கும் பரம்பரையலகு எல்லோரிடமும் ஒரே வடிவில் இருப்பதில்லை. தாய் கூடாரத்தில் நஞ்சுக்கு ஆட்பட்டிருந்து, பிள்ளையிடம் அந்தப் பரம்பரையலகின் ஒரு குறிப்பிட்ட வடிவமும் இருந்தால், அப்பிள்ளையிடம் இரத்த அழுத்தமும் உடற்கொழுப்பும் கூடுதலாக இருந்தன. அந்த வடிவம் இருந்தும் தாய் ஆட்படாத பிள்ளைகளிடம் இவ்வாறு காணப்படவில்லை. அதாவது பிறப்பு மட்டும் காரணமன்று, நஞ்சு மட்டும் காரணமன்று, இரண்டும் சந்திக்கும் இடத்தில் பாதிப்பு பிறக்கிறது.

விஞ்ஞானம் என்ற வகையில் இது அரிய கண்டுபிடிப்பு. ஆனால் எனக்கு உள்ளூர ஓர் அச்சம் உண்டு. தொழிலாளியின் இரத்தத்தை எடுத்துப் பார்த்து, "உன் உடல் இதற்கு ஒத்துவராது, நாளை முதல் வரவேண்டாம்" என்று சொல்ல ஒரு முதலாளிக்கு இதைவிட வசதியான ஆயுதம் வேண்டுமா? சோதனை தேவை. அதன் முடிவு தொழிலாளியின் கையில் மட்டும் இருக்கவேண்டும், கூட்டான முடிவு பொதுவில் வெளியிடப்படவேண்டும். நுண்கரு கூடியிருந்தால் மாற்றவேண்டியது மருந்தையும் வேலைமுறையையும்தான். ஆளை மாற்றினால் அடுத்து வருபவளுக்கும் அதேதான் நடக்கும்.

ஈக்குவடோரின் கதை சற்று வேறு. போதைப்பொருள் தரும் கொக்காப் பயிருக்கு மாற்றாக வேறு பயிர்களை ஊக்குவிக்கும் நோக்கில், அண்டிஸ் மலைநாடுகளின் பொருட்களுக்கு அமெரிக்கா 1991இல் தீர்வைச் சலுகை வழங்கிச் சட்டம் இயற்றியது. கயாம்பே, தபாகுந்தோ போன்ற மலைப்பகுதிகளில் அதன்பின் ரோஜாக் கூடாரங்கள் பெருகின. நிலநடுக்கோட்டுச் சூரியனும் மலைக் குளிரும் சேர்ந்து நீண்ட, நேரான தண்டைக் கொடுக்கின்றன. ஆதிக்குடிப் பெண்கள் வயலை விட்டுக் கூடாரத்துக்குச் சென்றார்கள், கையில் மாதச் சம்பளம் வந்தது. தபாகுந்தோப் பிரதேசத்தில் 72 பாடசாலைப் பிள்ளைகளைப் பரிசோதித்து 2006இல் வெளியிடப்பட்ட ஆய்வில், கர்ப்ப காலத்தில் தாய் பூத்தோட்டத்தில் வேலை செய்திருந்த பிள்ளைகள், உருவங்களைப் பார்த்து வரையும் திறனில் சக வயதினரைவிட ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் பின்தங்கியிருந்தார்கள். பின்னர் செய்யப்பட்ட மற்றோர் ஆய்வு, தோட்டத்தில் வேலையே செய்யாத, ஆனால் அப்பகுதியில் வாழும் 308 சிறுவர்களைப் பார்த்தது. அன்னையர் தினத்துக்கான அறுவடை முடிந்து குறைந்த நாட்களுக்குள் பரிசோதிக்கப்பட்ட சிறுவர்களிடம், நரம்பின் வேலைக்கு இன்றியமையாத ஒரு நொதியம் குறைந்திருந்தது. கவனமும் மந்தமாயிருந்தது. இவை பரம்பரையலகுச் சேதங்களல்ல, நரம்பு தொடர்பானவை. எனினும் ஒரே நஞ்சு, ஒரே கூடாரம், ஒரே குடும்பம். அன்னையர் தினத்துக்காக என்பதை நான் வலிந்து சேர்க்கவில்லை, ஆய்வில் இருப்பதே அது.

இத்தனைக்கும் பிறகும் "தீர்க்கமான சான்று இல்லை" என்ற வாதம் எழும். சான்று எவ்வாறு பிறக்கிறது என்பதற்கு ஒரு பழைய உதாரணம். 1977ஆம் ஆண்டு, கலிபோர்னியாவில் டிபிசிபி என்ற மண்புழு நஞ்சைத் தயாரித்த ஒரு தொழிற்சாலை. (மண்புழு என்றது உழவனின் நண்பனான மண்புழுவையன்று, வேரைத் தின்னும் வட்டப்புழுவை.) அங்கு வேலை செய்த ஆண்கள் தமக்குள் பேசிக்கொண்டபோது, தங்களில் பலருக்கு நெடுநாளாகப் பிள்ளையே பிறக்கவில்லை என்பதைக் கவனித்தார்கள். பரிசோதனையில் விந்தணு மிகக் குறைந்தோ இல்லாமலோ இருப்பது தெரிந்தது. விலங்குகளில் அது விதையைச் சிதைக்கும் என்பது அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்னரே ஆய்வுகூடங்களில் கண்டறியப்பட்டிருந்தது. அமெரிக்காவில் 1979இல் அதன் பயன்பாடு பெரும்பாலும் நிறுத்தப்பட்டது. மத்திய அமெரிக்காவின் வாழைத்தோட்டங்களிலோ ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் அதனால் பிள்ளைப்பேறு இழந்ததாக வழக்குத் தொடுத்து, பல பத்தாண்டுகள் நீதிமன்றப் படி ஏறினார்கள். விஞ்ஞானிகள் அறிந்திருந்தார்கள், நிறுவனம் அறியக்கூடிய நிலையில் இருந்தது. சான்று என்று ஒப்புக்கொள்ளப்பட்டதோ தொழிலாளியின் மலட்டுத்தன்மை மட்டுமே.

பூவை வாங்காதீர்கள் என்று நான் எழுதப் போவதில்லை. நெதர்லாந்துக்கு அடுத்தபடியாக உலகுக்குப் பூ விற்கும் நாடு கொலம்பியா. அதன் கூடாரங்களில் பெரும்பான்மையோர் பெண்கள், அவர்களில் பலர் தனித்து நின்று குடும்பம் சுமப்பவர்கள். கென்யாவின் நைவாசா ஏரிக்கரையிலும் எத்தியோப்பியாவிலும் நிலைமை இதுவே. லண்டனில் ஒருவர் மனச்சாட்சியைக் கழுவிக்கொள்ள, நைவாசாவில் ஒரு பெண் வேலை இழப்பது நீதியாகாது. கேட்கவேண்டியது எளிய ஒன்று. உணவுக்கு எல்லை வகுத்தது போல வெட்டுப் பூவுக்கும் நஞ்செல்லை வகுக்கப்படவேண்டும். வாங்கும் நாடுகள் அதை ஒரு நாள் அறிவித்தால், விற்கும் நாடுகளில் மருந்துத் தெளிப்பு அடுத்த பருவத்திலேயே குறையும். எமது தேயிலையில் நடந்ததை நாம் கண்டோம், ஏற்றுமதி திரும்பி வரும் என்ற அச்சம் செய்யும் வேலையை நூறு தொழிற்சட்டங்கள் செய்யா. அடித்த பின் எத்தனை மணித்தியாலம் உள்ளே செல்லக்கூடாது என்பதைக் கூடார வாசலில், தொழிலாளியின் மொழியில், அடித்த மருந்தின் பெயருடன் எழுதித் தொங்கவிடுவதற்குப் பெருஞ்செலவு எதுவும் இல்லை.

நஞ்சு பொலித்தீன் கூடாரத்திலேயே தங்கிவிடுகிறது என்று எண்ணிய ஐரோப்பாவுக்கும் இப்போது கண் திறக்கத் தொடங்கியிருக்கிறது. பெல்ஜியத்தில் பூக்கடைகளிலிருந்து 90 பூங்கொத்துக்களை வாங்கிச் சோதித்து 2016இல் வெளியிட்ட ஆய்வில் 107 வகை நஞ்சுகள் அகப்பட்டன. ஒரு கொத்தில் சராசரியாகப் பத்து வகை. பூக்கடைக்காரர்களுக்குப் பருத்திக் கையுறை அணிவித்துச் சில மணித்தியாலம் வேலை செய்யவிட்டு, பின்னர் அந்தக் கையுறைகளைச் சோதித்தபோது அவற்றிலும் நூற்றுக்கு மேற்பட்ட வகைகள் ஒட்டியிருந்தன. பிரான்சிலோ, கர்ப்ப காலத்தில் பூக்கடையில் வேலை செய்த ஒரு தாயின் மகள் இரத்தப் புற்றுநோயால் 11 வயதில் இறந்துபோனாள். தாய் தொட்ட பூக்களிலிருந்த நஞ்சுக்கும் அந்த மரணத்துக்கும் தொடர்பு உண்டு என்று பீடைகொல்லியால் பாதிக்கப்பட்டோருக்கான பிரெஞ்சு இழப்பீட்டு நிதியம் 2023இல் ஏற்றுக்கொண்டது. பிரான்சில் அதைக் கேட்பதற்கு ஒரு நிதியமாவது இருக்கிறது. அதே பூவை வளர்த்த கையின் சொந்தக்காரி கயாம்பேயில் எந்தக் கதவைத் தட்டுவாள்?

புலம்பெயர்ந்த எமது மக்கள் மத்தியில் இன்று பூ ஒரு தொழிலாகவே வளர்ந்துவிட்டது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் மணவறை சோடிப்பவர்கள், மாலை கட்டுபவர்கள், மலர்வளையம் செய்பவர்கள் என்று பல குடும்பங்கள் இதில் வாழ்கின்றன. நல்லூர்த் தேருக்கு வீட்டு முற்றத்து நந்தியாவட்டையும் செவ்வரத்தையும் பறித்துக் கட்டிய கை, அங்கே பெட்டியில் வந்த ரோஜாவை அதே பழக்கத்தில் வெறுங்கையால் உருவிக் கட்டுகிறது. இதழ்களைத் தட்டில் பரப்பி அதன்மேல் பலகாரம் வைக்கிறோம், மணமேடையில் தூவியதைக் குழந்தைகள் பொறுக்கி வாயில் வைக்கின்றன. வீட்டுக் கூடத்தில் இரவிரவாக மாலை கட்டும்போது பக்கத்தில் தேநீர்க் கோப்பையும் இருக்கும், மடியில் பிள்ளையும் இருக்கும்.

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் செய்யக்கூடியவை சில உண்டு. நைற்றைல் கையுறை அணிந்து கட்டுங்கள், பருத்திக் கையுறை நஞ்சை உறிஞ்சித் தோலோடு சேர்த்து வைக்கும். கட்டும் இடத்தில் உண்ணவோ அருந்தவோ வேண்டாம். வேலை உடுப்பைப் பிள்ளைகளின் உடுப்போடு சேர்த்துத் தோய்க்காதீர்கள். பிள்ளைப்பேற்றை எதிர்நோக்கும் பெண்களை, கர்ப்பம் உறுதியாகும்வரை காத்திராமல், பெட்டி பிரித்து இலை உருவும் வேலையிலிருந்து விலக்கி வையுங்கள். தட்டில் பரப்பவும் மேடையில் தூவவும் உங்கள் வீட்டுத் தோட்டத்தில் மருந்து அடிக்காமல் வளர்த்த பூ போதும். மொத்த வியாபாரியிடம் வாங்கும்போது, எந்த நாட்டில், எந்தத் தோட்டத்தில் வெட்டியது, என்ன மருந்து அடித்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். முதல் ஆண்டு பதில் வராது. சங்கமாகச் சேர்ந்து பத்துக் கடைக்காரர்கள் ஒரே கேள்வியைக் கேட்டால், அந்தக் கேள்வி அவருக்குப் பூ அனுப்பும் ஏற்றுமதியாளர்வரை போகும்.